கள்ளன் நம்பர் ஏழு

“சகீலா, ஏழாவது கள்ளன் வந்தாச்சு!”

காலங்காத்தாலே என் வீட்டுக்காரர் பரீத் போனைத் தூக்கிக்கிட்டு அடுக்களைக்கு ஓடி வந்தார். எங்க வைஃபையில யார் யார் இருக்காங்கன்னு காட்டுற ஆப் அதுல இருக்கு. பேர் தெரியாத எதையாவது பார்த்தா மனுஷன் உடனே பிளாக் பண்ணிடுவார். ‘கள்ளன் 1’, ‘கள்ளன் 2’ன்னு பேர் வேற வைப்பார். நாலாவது கள்ளனுக்கு அப்புறம் பாஸ்வேர்டையே மாத்தினார். மறுநாள் அஞ்சாவது கள்ளன் ஆஜர்!

“வேற யாரு சகீலா? மாடியில இருக்கிற ரோஜாதான்.”

ரோஜா உசிலம்பட்டிக்காரி. ஃபோர்ட் கொச்சியில ஒரு ஹோட்டல்ல வேலை. எங்க மாடி ரூமுக்கு வந்து எட்டு மாசம் ஆகுது.

“என் கண்ணால பார்த்தேன். தினமும் காலையில ஆறு மணிக்கு நம்ம மக ரூம் ஜன்னல் பக்கம் கடைசிப் படியில வந்து உட்கார்றா. போனை ஜன்னல் கம்பியில ஒட்டி வெச்சுக்கிறா. சிக்னல் எடுக்கத்தானே? இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணச் சொல்றேன்.”

இந்த வாடகைக்கு மட்டாஞ்சேரியில வேற எங்க போவா அவ?

“அல்லாஹ்வே! முதல்ல நெட்காரரைக் கூப்பிடுங்க. அப்புறம் காலி பண்ணச் சொல்லலாம்.”

பத்து மணிக்கு நெட்காரர் கிருஷ்ணபிரசாத் சேட்டன் வந்தார். ஆப்பைப் பார்த்தார். எங்க மக அன்ஸியாவோட டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரிச்சார்.

“இக்கா, ஏழு கள்ளனும் ஒரே ஆளு. இந்த டேப்தான்!”

“என்னது?”

“இப்ப வர்ற டேப் தன்னோட நிஜ அட்ரஸை வைஃபைக்குக் காட்டாது. யாரும் நோட்டம் விடக் கூடாதுன்னு வேற ஒரு அட்ரஸைக் கொடுக்கும். வைஃபையை மறக்கச் சொல்லிட்டுத் திரும்பச் சேர்ந்தா, அதுவும் மாறிடும். மோடத்துக்கு அது புது ஆளு. வீட்டு வைஃபைக்கு மட்டும் இதை ஆஃப் பண்ணிட்டேன். இனி கள்ளன் வர மாட்டான்.”

அன்ஸியா முறைச்சா. “காலையில நீங்க துரத்துவீங்க வாப்பா. சாயங்காலம் நான் வைஃபையை மறக்கச் சொல்லிட்டு மறுபடி பாஸ்வேர்டு போட்டு உள்ளே வருவேன். நெட் வரலைன்னு சொன்னா, ‘எல்லாம் கள்ளன் வேலை’ன்னீங்க!”

நான் சிரிச்ச சிரிப்புல சாயா மூக்குல ஏறிடுச்சு.

பரீத் மட்டும் விடலை. “சரி, டேப் கள்ளன் இல்லை. அந்த ரோஜாவுக்கு நம்ம ஜன்னல்கிட்ட என்ன வேலை? இப்பவே கேக்கறேன்.”

செருப்பை மாட்டினவரை அன்ஸியா வாசல்ல மறிச்சா.

“என் ஆன்லைன் என்ட்ரன்ஸ் கிளாஸ் எத்தனை மணிக்கு வாப்பா?”

“காலையில ஆறு மணிக்கு.”

“அந்த நேரம் பார்த்துத்தான் நீங்க கள்ளன் பிடிப்பீங்க. ஆனா ஒரு நாளாவது என் கிளாஸ் நின்னுச்சா?”

பரீத் என்னைப் பார்த்தார். நான் டேப்பைப் பார்த்தேன். வைஃபை லிஸ்ட்டுல எங்க பேருக்குக் கீழே இன்னொரு பேர்: ‘ரோஜா’.

“அக்கா சிக்னல் எடுக்க உட்காரலை வாப்பா, கொடுக்க உட்கார்ந்தாங்க. மாடியில இருந்தா அவங்க ஹாட்ஸ்பாட் என் ரூமுக்கு எட்ட மாட்டேங்குது!”