சுவர் வேண்டுமென்றாள்

"சுவர் இருக்கட்டும்" என்றாள் ரோவீனா.

கிளென் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். மேசைமேல் விரித்திருந்த இரண்டு வரைபடங்களில் வலப்பக்கத்துப் படத்தின்மேல் அவள் விரல் இருந்தது.

இடப்பக்கத்துப் படத்தில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒன்றுமில்லை. சோபாவில் உட்கார்ந்தபடியே அடுப்பு, குளிர்பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி, அதன் முன்னால் நிற்கிற ஆள் எல்லாம் தெரியும். லான்செஸ்டனில் இப்போது யார் வீட்டைப் புதுப்பித்தாலும் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

வலப்பக்கத்தில் பழையபடி நாலு சுவர், ஒரு கதவு.

பதினோரு வருஷத்தில் ரோவீனா எதற்கும் இப்படி அடம்பிடித்ததில்லை. கார் என்ன நிறம், கிறிஸ்துமஸுக்கு யார் வீடு, டி.வி.யில் எந்த ஆட்டம் என்று எதைக் கேட்டாலும் அவன் சொன்னதுதான் அவளுக்கும்.

இதற்கு மட்டும் சுவர்.

ஏதோ இருக்கிறது என்று கிளெனுக்குப் பட்டது.

கொஞ்ச நாளாகவே பட்டுக்கொண்டுதான் இருந்தது. அவன் சமையலறைக்குள் நுழைந்தால், அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிடும். டெவன்போர்ட்டிலிருந்து அவள் தங்கை கூப்பிட்டால் ரேடியோவை உரக்க வைத்துக்கொண்டு பேசுவாள். அவள் போனை அவன் தினமும் எடுத்துப் பார்ப்பான். அதில் ஒன்றும் இருக்காது. ஒன்றுமே இல்லாததுதான் உறுத்தியது.

வரைபடம் கொண்டுவந்த வடிவமைப்பாளர் மார்னிக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தாள். "எதுக்காகச் சுவர்னு சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி போடலாம்."

"மீன் வறுத்தா வீடெல்லாம் நாறுது" என்றாள் ரோவீனா, மேசையைப் பார்த்தபடி.

"சிம்னி போட்டாப் போச்சு. நீ மீன் வறுக்கிறதே மாசத்துல ஒருநாள். அதுக்கு ஒரு சுவரா?"

கிளென் சிரித்தான். மார்னியும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான்.

அவள் அளவு நாடாவோடு எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள். அங்கே கதவு இல்லை, நிலையில் கீல்கள் மட்டும் இருந்தன. தாழ்ப்பாள் விழும் பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குப் புதுக்கட்டை வைத்து ஒட்டுப்போட்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இங்க கதவு இருந்துச்சா?"

"ஜூன்ல போயிடுச்சு" என்றான் கிளென். "நிலையை நானே சரி பண்ணிட்டேன்."

சுத்தமாகத்தான் சரி பண்ணியிருந்தான். அன்றைக்கு அவள் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். அவன் பத்து நிமிஷம் கூப்பிட்டான், நல்லபடியாகத்தான் கூப்பிட்டான். பிறகு தோளால் இடித்தான். மறுநாளே பூங்கொத்து வாங்கிவந்து மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. அவள் கையில் போட்ட கட்டைப் பிரிக்கும் அன்று அவனேதான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். முடிந்துபோன விஷயம்.

மார்னி அவனிடம் வேறெதுவும் கேட்கவில்லை. ரோவீனா பக்கம் திரும்பினாள்.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"உள்பக்கம்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலை பத்து மணிக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்தவர்கள். அந்தப் பார்வை கொஞ்சம் அதிகநேரம் நீடித்ததாகக் கிளெனுக்குத் தோன்றியது. முன்பே பழக்கமோ? தங்கைக்குத் தெரிந்தவளோ? வடிவமைப்புக்கு ஆள் தேடியது ரோவீனா இல்லை, அவன்தான். ஆனாலும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும், இவள் போன பிறகு.

"கதவுக் கைப்பிடி சாம்பிளெல்லாம் கார்ல இருக்கு" என்றாள் மார்னி. படங்களை அப்படியே விட்டுவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டாள். "நீங்க வந்து பாத்துச் சொல்லுங்களேன், ரோவீனா. வெளியில குளிருது, கோட்டு போட்டுக்கங்க."

ரோவீனா கோட்டைப் போட்டுக்கொண்டாள். கைப்பையையும் எடுத்துக்கொண்டாள்.

கைப்பிடி பார்க்க எதற்குக் கைப்பை என்று கேட்க வாயெடுத்தான். வெளியாள் முன்னால் வேண்டாமென்று விட்டுவிட்டான்.

தனியாக உட்கார்ந்து இரண்டு படங்களையும் பார்த்தான். நேரமாக ஆக மனசு இளகியது. போகட்டும், சுவர்தானே கேட்கிறாள். உள்ளே வந்ததும் 'சரி, வெச்சுக்கோ' என்று சொல்லிவிடலாம். தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

சொன்னதும் அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தான். இடப்பக்கத்துப் படத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று.

பிறகு கார் கிளம்பியது.