வெதர் பாடம் முடியவில்லை

"இட் ஈஸ் வெரி ஹாட் டுடே" என்றார் பாலுசாமி.

பழனியாத்தாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "யெஸ். பட் ஈவினிங் ரெயின் வில் கம்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே பாலக்காட்டுப் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. பாலுசாமி மேகத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

பின்வரிசையில் இருந்த ஹர்ஷிணி பக்கத்துப் பெண்ணின் கையைக் கிள்ளினாள். அறுபதை நெருங்குகிற வயதில் மீசைக்கு மை, நாளொரு சட்டை, அதில் சென்ட் வாசனை வேறு. இந்த மனிதர் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளத்தான் வருகிறாரா என்று அவளுக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அது. நடத்துகிற ஜெபராணி மிஸ், பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றவர். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குடும்பப் பெண்கள். மிஸ்ஸை நம்பித்தான் வீட்டார் அனுப்புகிறார்கள். ஏதாவது ஒரு பேச்சு கிளம்பினால் போதும், வகுப்பை இழுத்து மூட வேண்டியதுதான்.

பழனியாத்தாள், நியூசிலாந்தில் இருக்கும் மகனைப் பார்க்கப் போக வேண்டும் என்று சேர்ந்தவள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று ஹர்ஷிணி ஒரு நாள் கேட்டதற்கு, "அதையெல்லாம் எதுக்கு கண்ணு பேசிக்கிட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் சேர்ந்த மறுவாரமே பாலுசாமி வந்தார். எதற்கு இங்கிலீஷ் என்று மிஸ் கேட்டதற்கு, சும்மா இருப்பதற்கு இதையாவது கற்றுக்கொள்ளலாமே என்றார். பழனியாத்தாளின் பக்கத்து நாற்காலி மட்டும்தான் காலியாக இருந்தது. போய் உட்காருங்கள் என்று கைகாட்டியதும் மிஸ்தான். அதை நினைத்து இப்போது தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

முதலில் பழனியாத்தாள் அவரிடம் யெஸ், நோ என்பதோடு நிறுத்திக்கொண்டாள். வெதர் பாடம் வந்த பிறகுதான் வாய் திறந்தது. மற்ற ஜோடிகளெல்லாம் ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று அடுத்தடுத்த பாடங்களுக்குப் போய்விட்டார்கள். இவர்கள் மட்டும் வெயிலையும் சாரலையும் விட்டு நகர்வதாக இல்லை. மிஸ் பக்கத்தைத் திருப்பினால், இன்னொருக்கா வெதரே பார்த்துக்கொள்கிறோம் என்பார் பாலுசாமி.

பேச்சைத் தொடங்கும்போது எதிரில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது மிஸ்ஸின் சட்டம். பாலுசாமி வாய் நிறைய, "ஹலோ பழனியாத்தாள்" என்பார். அவளோ தலையைக் குனிந்துகொண்டு, "ஹலோ சார்" என்பாள். எத்தனை தடவை திருத்தினாலும் அதே சார்தான். பேரைச் சொல்லக்கூட எவ்வளவு வெட்கம் பார் என்று ஹர்ஷிணி அதையும் தன் சந்தேகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு, வெளிநாட்டில் வரும் நான்கு பருவங்களைப் பற்றிப் பேச வேண்டும். புத்தகத்தில் பனி மூடிய ஒரு வீட்டின் படம் இருந்தது. பாலுசாமி அதைக் காட்டி, பாடத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"வென் வில் தி ஸ்னோ மெல்ட்?"

பழனியாத்தாள் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் படத்தைப் பார்த்தாள். "நாட் நவ். திஸ் வின்டர் வெரி லாங்" என்றாள். சொல்லி முடித்ததும் அவள் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. பாலுசாமிக்கு அது போதும் போலிருந்தது. பரீட்சையில் பாஸான பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நடுவில் 'ஈஸ்' விட்டுப்போனதைத் திருத்தக்கூட மிஸ்ஸுக்குத் தோன்றவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஹர்ஷிணி மிஸ்ஸிடம் வந்து நின்றாள். தினமும் அந்தம்மா ஸ்கூட்டரை எடுத்தால் பின்னாலேயே இவர் பைக்கும் கிளம்புகிறது, லாலி ரோடு சிக்னல் வரைக்கும் நானே கண்ணால் பார்த்தேன் என்றாள். வகுப்பு முழுக்க இதே பேச்சாக இருக்கிறது, தன் மாமியார் காதுக்குப் போனால் தானும் நின்றுவிட வேண்டியதுதான் என்றும் சொன்னாள்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று மிஸ், மாடிப்படியில் இறங்கப் போன பாலுசாமியைக் கூப்பிட்டு நிறுத்தினார். அடுத்த வகுப்பிலிருந்து அவருக்கு ஜோடி முன்வரிசையில் உட்காரும் முகமது ரியாஸ், பழனியாத்தாளுக்கு ஹர்ஷிணி என்று சொல்லிவிட்டார்.

பாலுசாமியின் முகம் செத்துப்போனது. ரியாஸ் ரொம்ப வேகமாகப் பேசுகிறார், தனக்குப் புரியாது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மிஸ் மசியவில்லை.

"பாலுசாமி சார், வெளிப்படையாவே சொல்லிடறேன். அவங்க குடும்பப் பொம்பளை. அவங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

பாலுசாமி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். பழனியாத்தாள் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவர் மிஸ் பக்கம் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. மிஸ்ஸுக்கே பாவமாகப் போய்விட்டது.

"மாத்திப்போடாதீங்க மிஸ்" என்றார். "எம்பொண்டாட்டி எங்கூடப் பேசறதே இங்க மட்டுந்தானுங்க."