பல் டாக்டரின் இரண்டு ஓட்டு

அடுக்குமாடிக் குடியிருப்பின் தலைவர் தேர்தலில் இரண்டே இரண்டு ஓட்டு வாங்கித் தோற்ற பல் டாக்டர், ஜெயித்தவரைவிடச் சந்தோஷமாக இருந்தார்.

“ஒண்ணு நான் போட்டது, இன்னொண்ணு எங்க டீச்சர் போட்டது. கணக்கு சரியா இருக்கு பாத்தியா தம்பி!” என்று சமையலறைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அவர் மனைவி கணக்கு டீச்சர். பிடிவாதமாக அவரைத் தேர்தலில் நிறுத்தியதே அந்த அம்மாள்தான்.

மூன்றாம் மாடி புரோகிராமர், பல் பிடுங்க வந்தவன்போல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான். ஓட்டுப் போடும் இணையப் பக்கத்தை எழுதிக் கொடுத்தவன் அவன். இப்போது மனுஷர் தலையில் கல்லைத் தூக்கிப் போட வந்திருப்பவனும் அவனேதான்.

“டாக்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் என் பிரவுசர்ல மட்டும்தான் சோதிச்சுப் பாத்தேன். ஒரு பழைய பிரவுசர்ல மவுசை அழுத்தினா ஒரு ஓட்டு, விரலை எடுத்தா இன்னொரு ஓட்டுன்னு எண்ணித் தொலைச்சிருக்கு. இன்னைக்குத்தான் எல்லா பிரவுசர்லயும் ஒரே மாதிரி எண்ணுற மாதிரி சரி பண்ணேன்.”

“சரி, அதுக்கென்ன?”

“அந்தப் பிரவுசர்ல ஓட்டுப் போட்டது மொத்தமே ஒருத்தர்தான். அது உங்களுக்கு விழுந்த ஓட்டு. அப்போ உங்களுக்கு... ரெண்டு இல்ல, ஒண்ணுதான்.”

டாக்டரின் முகம் வெளிறிப்போனது. சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா பேசுப்பா! ரெண்டாவே இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்? மாத்தி அறிவிச்சுடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

புரோகிராமருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டின மனைவியே ஓட்டுப் போடவில்லை, அதையும் மூடி மறைக்கிறாரே, என்ன தங்கமான மனுஷர்! ஒரு பாழாய்ப்போன மவுஸ் கிளிக்கினால் ஒரு குடும்பத்தையே கெடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டான்.

“எதுக்கு மெதுவா பேசணும்?”

ஈரக் கையைத் துடைத்தபடி டீச்சர் வந்து நின்றார். “தம்பி, அந்தப் பழைய பிரவுசர் என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அதுலதான் ஓட்டுப் போட்டேன்” என்றவர், மெல்ல நழுவப் பார்த்த கணவர் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, அந்த ஒண்ணு என்னோடது. நீங்க யாருக்குப் போட்டீங்க?”