கேசட்டுக்குள் இருந்த பேட்டரி

பேனாவின் பின்பக்கத்தைத் தீக்குச்சியில் உருக்கி, திருகாணியின் தலையில் அழுத்தி, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தான் இன்பராஜ். வீட்டிலிருந்த எந்த ஸ்க்ரூடிரைவரும் அந்தத் திருகாணிக்குப் பொருந்தவில்லை.

மெல்லத் திருப்பினான். கழன்றது.

இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த வீடியோ கேம் கேசட் திறந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்தவன் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டான். ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் மெஷின்களின் கரண்ட் வேலை பார்ப்பவன் என்பதால் சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் வீட்டிலேயே இருந்தன.

சமையலறையில் தங்கை பிரிஸ்கில்லா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேலூரில் நர்ஸ். மாதத்தில் ஒரு ஞாயிறு அண்ணன் வீட்டுக்கு வந்து பிரியாணி செய்துவிட்டுப் போவாள்.

போன வாரம் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோதுதான் அந்த கேம் அகப்பட்டது. டி.வி.யில் மாட்டினால் ஓடியது. ஆனால் அணைத்ததும் அதுவரை ஆடியதெல்லாம் போய்விட்டது. ஆடியதை நினைவில் வைத்திருப்பது கேசட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன பேட்டரி, தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று போனில் ஒரு வீடியோவில் யாரோ ஒருவர் செய்துகாட்டினார். அன்றைக்கே புது பேட்டரிக்கு ஆர்டர் போட்டுவிட்டான்.

அவனுக்கு ஒரே ஆசைதான். கடைசிக் கோட்டையைப் பிடித்துவிட வேண்டும்.

பத்தாவது படிக்கும்போது நான்கு மாதம் ஆடிப் பதினொரு கோட்டைகளைப் பிடித்திருந்தான். பன்னிரண்டாவதுதான் பாக்கி. ஒருநாள் டியூஷன் விட்டு வந்து கேசட்டைப் போட்டால், ஒன்றுமே இல்லை. முதலிலிருந்து தொடங்கச் சொன்னது.

மாலை முழுவதும் வீட்டில் தனியாக இருந்தவள் பிரிஸ்கில்லா. அழிச்சிட்டியா என்று கத்தினான். பதினொரு வயதுப் பெண், சுவரைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையாட்டினாள்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் அவளோடு பேசவில்லை. இனி அதைத் தொடவே கூடாது என்று உத்தரவு போட்டான். அவனும் தொடவில்லை, மறுபடி முதலிலிருந்து ஆட மனம் வரவில்லை. ஆடியதை அழித்தவள் என்று வீட்டில் அவளுக்கு ரப்பர் என்றே பெயராகிவிட்டது. கல்யாண மேடையில்கூட மாமா மைக்கைப் பிடித்து, எங்க ரப்பரை நல்லா பாத்துக்கங்க மாப்ளே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பழைய பேட்டரியின்மேல் மல்டிமீட்டரை வைத்தான். கிட்டத்தட்ட மூன்று வோல்ட்.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். அதேதான்.

பேட்டரி தீரவே இல்லை.

போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பேட்டரியின் ஒரு கால் போர்டிலிருந்து பெயர்ந்து, மயிரிழை இடைவெளியில் நின்றது. துரு இல்லை. ஓங்கி அடிபட்டால்தான் இப்படிப் பெயரும். கீழே விழுந்த போர்டுகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான்.

இது எங்கே அடிபட்டது என்று யோசித்தவனுக்குக் காது சூடானது.

ஆடியதெல்லாம் அழிந்துபோனதற்கு முந்தின நாள். கடைசிக் கோட்டையில் ஒன்பதாவது முறை தோற்ற கோபத்தில், கேசட்டைப் பிடுங்கி சிமென்ட் தரையில் அடித்தவன் அவனேதான். இத்தாலிக்குத் தோல் கம்பெனி வேலையாகப் போன மாமா வாங்கிவந்த கேம் அது. உடைத்தால் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். பதறிப்போய் எடுத்துப் பார்த்தான். கீறல்கூட இல்லை. துடைத்து டப்பாவில் வைத்ததோடு மறந்தும் போனான்.

புது பேட்டரியை வைத்து ஈயத்தால் பற்றவைத்தான். கேசட்டை மூடித் திருகிவிட்டு சமையலறை வாசலில் போய் நின்றான்.

"பிரிஸ்கி, அந்த கேம நீ அழிக்கல. நான்தான் தரையில அடிச்சேன். அதுல போயிருக்கு."

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும்ணா. கதவாண்ட நின்னு பாத்துனுதான் இருந்தேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு நீ அழிச்சேன்னு ஒத்துக்கின?"

"நீ அடிச்சது தெரிஞ்சா அப்பா மறுநாளே கேம மாமாகிட்ட குடுத்துட்டு வந்திருப்பாரு."

எனக்காகவா என்று கேட்க வாயெடுத்தான்.

"அப்புறம் நான் எதுல ஆடறது?" என்றாள் பிரிஸ்கில்லா.

அவன் விழித்தான்.

"நீ ஸ்கூல் விட்டு நேரா டியூஷன் போயிடுவ இல்ல. தெனம் போடுவேன். அணைச்சா போயிடும், அதனால ஒரே மூச்சுல ஆடணும். நீ வர்றதுக்குள்ள பன்னெண்டும் முடிஞ்சிடும்."

"கடைசிக் கோட்டையுமா?"

"அதான் இருக்கறதுலயே ஈசி. பின்பக்கமா பூந்துடணும்."

இன்பராஜுக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேசட்டை மாட்டி, கண்ட்ரோலரை அவள் கையில் கொடுத்தான். அரிசி அது பாட்டுக்கு ஊறிக்கொண்டிருந்தது. அண்ணனும் தங்கையும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

முதல் கோட்டை நாலே நிமிடத்தில் விழுந்தது.

இதுவரை ஆடியதைச் சேமிக்கவா என்று திரை கேட்டது. இன்பராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவன் பற்றவைத்த பேட்டரிக்கு அதுதான் முதல் வேலை.

பிரிஸ்கில்லாவின் கட்டைவிரல் அதைப் படிக்கக்கூட நிற்கவில்லை. வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, இரண்டாவது கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.