முதல் வரி

‘குறிப்பிட்ட இடத்தில் பேக்கப் இல்லை’ என்றது திரை.

அவள் மறுபடியும் ரீஸ்டோரை அழுத்தினாள். திரைக்குப் பிடிவாதம் என்றால் அவளுக்கும் பிடிவாதம்தான்.

காலையில், அவள் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. புற்றுநோய்ப் பிரிவின் டேட்டாபேஸும் அதோடு போயிற்று. யாருக்கு, எந்த இடத்தில், எவ்வளவு கதிர்வீச்சு, நோயாளிகள் பேச்சில் கரண்ட், வைக்க வேண்டும் என்ற அளவுகளெல்லாம் அதில்தான் இருந்தன. அளவு இல்லாமல் மிஷின் ஓடாது.

மாலைக்குள் வராவிட்டால் எல்லோருக்கும் ஸ்கேனிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும், அதற்கு நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

கட்டி அதுவரை சும்மா இருக்காது. அவர் சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

வெளியே பெஞ்சில் உவரி மிக்கேல் உட்கார்ந்திருந்தார். கடலுக்குப் போகிறவர். தொண்டையில் கட்டி. கழுத்தில் மையால் போட்ட கூட்டல் குறி. அதைப் பார்த்துத்தான் தினமும் அவரை மிஷினுக்கு நேரே படுக்க வைப்பார்கள். சட்டைக் காலர் உரசி அழிந்துவிடுமோ என்று தாடையைத் தூக்கியே வைத்திருந்தார்.

டீ குடிக்க வெளியே வந்தவளை நிறுத்தினார்.

“கோடு அழியாம வச்சிருக்கேன் மவளே. அதப் பாத்து கரண்ட் வச்சிரக் கூடாதா?”

கோடு இடத்தை மட்டும்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. டீ குடிக்காமலே திரும்பி வந்தாள்.

ஒரு கை பார்த்துவிடுவது.

பேக்கப் தினமும் நடந்திருக்கிறது. வெற்றி என்று தினமும் செய்தி வந்திருக்கிறது. அப்படியானால் எங்கோ போய் விழுந்திருக்க வேண்டும். பேக்கப் டிஸ்கைச் சல்லடை போட்டுத் தேடினாள். போக வேண்டிய ஃபோல்டர் காலி. அதன் பக்கத்தில் இன்னொன்று, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டத்தோடு. ஏதோ குப்பை என்று காலையிலிருந்து அதைத் தாண்டித் தாண்டிப் போயிருந்தாள்.

எங்கே எழுத வேண்டும் என்று பேக்கப்புக்குச் சொல்லும் ஃபைலும் அந்த டிஸ்கிலேயே இருந்தது. அதைத் தன் லேப்டாப்பில் திறந்தாள். சர்வரில் தமிழ் எழுத்துரு கிடையாது, தமிழ் எழுத்து வெறும் கட்டமாகத்தான் தெரியும். லேப்டாப்பில் உண்டு.

முதல் வரியில்,

உ

என்று இருந்தது.

ஃபோல்டரின் பெயர் இரண்டாம் வரியில்.

ஆவுடையப்பன். அவளுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர். பேக்கப் டிஸ்கை ஆயுதபூஜையன்று மாட்டினார். பெட்டியின் மேல் சந்தனமும் குங்குமமும் இன்னும் இருக்கின்றன. பிள்ளையார் சுழி போடாமல் பேனாவைத் தொடாத மனுஷன், கீபோர்டையும் விட்டுவைக்கவில்லை. சர்வர் பிள்ளையாரைக் கண்டதா? முதல் வரியில் இருப்பதுதான் இடம் என்று எடுத்துக்கொண்டது. உ என்று ஒரு ஃபோல்டரைத் திறந்து, ஒரு நாள் விடாமல் அதிலேயே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. சிரிப்பும் வந்தது.

கட்டத்தைத் திறந்தாள். நேற்று வரை எல்லாம் இருந்தது.

ரீஸ்டோருக்கு அந்த இடத்தைக் காட்டினாள். இந்த முறை திரை எதிர்த்துப் பேசவில்லை.

எல்லாம் ஏறி முடிந்ததும், வெளியே மிக்கேலின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் ஃபைலுக்குத் திரும்பினாள். இனியாவது பேக்கப் ஒழுங்கான இடத்துக்குப் போக வேண்டும். உ-வின் பின்னால் கர்சரை வைத்தாள். அழித்தால் வேலை முடிந்தது.

கதவு வழியே அவர் போவது தெரிந்தது. தாடையைத் தூக்கியபடி, மெதுவாக, எதிலும் உரசிவிடாமல்.

விரலை எடுத்துக்கொண்டாள்.

உ-வுக்கு முன்னால் ஒரு # போட்டாள். அது இருந்தால் சர்வர் அடுத்த வரிக்குப் போய்விடும், அந்த வரியைத் தொடாது.