இருபத்தாறு நாள்

இறந்துபோன என் மனைவி தாவர உயிர்வேதியியல் ஆய்வாளர். அவள் வீட்டில் வளர்த்த ஆய்வுச் செடிகளை எடுத்துப்போக அவளுடைய பேராசிரியர் வந்தார். நான் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு அதன்முன் நின்றேன்.

"தள்ளுங்க தம்பி. ஆறு வருஷ உழைப்பு அது."

"சார்... அவ போனதிலிருந்து நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. இன்னிக்கு இருபத்தாறு நாள்."

அவரே திரையை விலக்கினார். முப்பது தொட்டிகளில் இருபத்தெட்டு சருகாகியிருந்தன. இரண்டு மட்டும் பச்சையாக நின்றன.

கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணியில்லாமத் தாங்குற செடியைத்தான் அவ தேடிக்கிட்டே இருந்தா தம்பி. ஒவ்வொரு தடவையும் பத்தாம் நாள் அவளே தண்ணிய ஊத்திக் கெடுத்துடுவா. கேட்டா, 'வாடுறதைப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியல சார்'ம்பா."