ஊதக்கூடாத விளக்கு

குளிர்நாட்டு ஊரான டொலார்டில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. ஜன்னலில் பனியின் நீல வெளிச்சம் மட்டும் மிச்சம். நுரையீரல் நோய் முற்றிய சந்திரமௌலி பூஜை விளக்கின் முன் உட்கார்ந்து மூச்சைச் சேர்த்துக்கொள்கிறார். காலையில் மனைவி ரமா சொல்லிக்கொடுத்த பிராணாயாமம் நான்கு எண்ணுவதற்குள் இருமலில் முடிந்தது. இப்போது மருத்துவமனைப் பெண் கொடுத்த பயிற்சி: உதட்டைக் குவித்து மெழுகுவர்த்தியை ஊத வேண்டும்; சுடர் சாய வேண்டும், அணையக் கூடாது. வீட்டில் மெழுகுவர்த்தி இல்லை. சாமி விளக்கை வாயால் ஊதுவதா என்று போன வாரம் சீறிய ரமா, இன்று அவளே அதை அவர் உதட்டருகே நகர்த்துகிறாள். அவர் கழுத்து நரம்பு புடைக்கிறது. “இன்னும் பலமா ஊதுங்கோன்னா. அணைஞ்சாலும் பரவாயில்லை.” “ஊதிண்டுதானே இருக்கேன், ரமா.” சுடர் அசையாமல் நிமிர்ந்து எரிகிறது.